தாழிக்குள் கிடந்த பொற்பட்டம்

பொன்னை விரும்பாத மாந்தர் இலர். ஆயின் பொன்னைப் படிக்கக் கற்ற மாந்தர் மிகச் சிலரே. பூண்டு மகிழ்வதற்கும், பெட்டகத்தில் பூட்டி வைப்பதற்கும், இடர் வந்தவிடத்து விற்றுத் தீர்ப்பதற்கும் உரிய பொருளாகவே நாம் பொன்னை அறிந்துள்ளோம். ஓலையும் கல்லும் சொல்லாத செய்திகளை மெல்லிய பொற்றகடு ஒன்று சொல்லக்கூடும் என்பது நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை.

இவ்வெண்ணம் என் உள்ளத்தில் எழுந்ததற்கு வகுப்பறை நிகழ்ச்சியொன்றே காரணம். தெலுக் இந்தான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியொன்றில் தலைமையாசிரியனாகப் பணியாற்றும் யான், ஆசிரியர் ஒருவர் விடுப்பில் இருந்த நாளில் ஆறாம் ஆண்டு மாணவர்க்குப் பாடம் நடத்தச் சென்றேன். உலகப் பழம்பெரும் நாகரிகங்களைப் பற்றிப் பேசுங்கால் எகிப்திய மன்னன் துட்டன்காமனின் பொன்முகமூடிப் படத்தைக் காட்டினேன். வகுப்பே வாய்பிளந்து நோக்கியது. அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அவர்களிடம் இவ்வளவு பொன் இருந்திருக்கிறது. நம்மவர்களிடம் என்ன இருந்தது?" என்று வினவினாள்.

வினா எளியது. ஆனால் என்னால் அன்று உடனே விடை கூற இயலவில்லை. "நம்மிடமும் இருந்தது" என்று பொதுவாகச் சொல்லி அமர்த்திவிட்டேன். முப்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியனாக இருந்தவனுக்கு அவ்விடை நிறைவளிக்கவில்லை. அவ்வினாவுக்கு முறையாகத் தேடிய விடையே இக்கட்டுரை.

நைல் கரையின் பொன்

எகிப்தியர் பொன்னைக் கடவுளரின் தசை என்று கருதினர். பொன் கறுப்பதில்லை, துருப்பிடிப்பதில்லை, மண்ணுக்குள் ஆயிரமாண்டு கிடந்தாலும் எடுத்த கணத்தில் பளபளக்கும். ஞாயிற்றின் நிறமும் அழியாமையும் ஒருங்கே வாய்ந்த அப்பொருளை, இறந்தபின்னும் வாழ விரும்பிய மன்னர் தம் உடல்மீது போர்த்திக்கொண்டதில் வியப்பில்லை. நூபியா நாட்டிலிருந்தும், நைலாற்றுக்கும் செங்கடலுக்கும் இடைப்பட்ட கிழக்குப் பாலைநிலத்துச் சுரங்கங்களிலிருந்தும் அவர்கள் பொன்னைப் பெற்றனர்.

1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஹோவர்ட் கார்ட்டர் என்னும் ஆங்கிலேய அகழ்வாளர் துட்டன்காமனின் கல்லறையைக் கண்டறிந்தார். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் இருபது வயது நிரம்புமுன் மாண்ட மன்னன் அவன். அவனது முகமூடி ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையுள்ளது. மூன்று பேழைகளுள் உள்ளிருந்தது முழுவதும் பொன்னாலானது. அதன் எடை 110 கிலோகிராம். வெளிப்பேழைகள் இரண்டும் மரத்தாலானவை. அவற்றின்மேல் பொற்றகடு போர்த்தப்பட்டிருந்தது. அவற்றைச் சூழ்ந்து நின்ற நான்கு மரக் கூடங்களும் பொன்மேவியவை. மன்னனின் கைவிரல்களுக்கும் கால்விரல்களுக்கும் பொன் உறைகள் இட்டிருந்தனர். அக்கல்லறையில் கிடைத்த பொருள்கள் 5000-க்கும் மேற்பட்டவை. நெடுங்காலம் கெய்ரோ நகரத்துப் பழைய அருங்காட்சியகத்தில் இருந்த அவை, 2025-ஆம் ஆண்டு நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட பேரெகிப்திய அருங்காட்சியகத்தில் ஒருங்கே வைக்கப்பெற்றுள்ளன.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. எகிப்தியப் பொன்பொருள்கள் எனப் படங்களில் நாம் காண்பவற்றுள் பல முழுப்பொன் அல்ல. மரத்தின்மேல் சுண்ணச்சாந்து பூசி, அதன்மேல் மெல்லிய பொன்னேட்டை ஒட்டி உருவாக்கியவை அவை. கண்ணுக்குப் பெருமலையாகத் தோன்றும் பொன், கையில் எடுத்தால் ஒரு பிடியளவே இருக்கும். ஆகவே எகிப்தியரின் பெருமை பொன்னின் எடையில் மட்டும் இல்லை. பொன்னை ஏடாக்கிய கையிலும் இருக்கிறது.

தகடாகும் கலை

உலோகங்களுள் பொன்னைப்போல் அடிக்க அடிக்க விரிவது வேறில்லை. ஒரு கிராம் பொன்னை ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு விரிக்கலாம் என்பர். ஆயினும் அடித்துக்கொண்டே போனால் பொன்னும் இறுகி விளிம்பில் வெடிக்கும். எனவே சிறிது அடித்தபின் நெருப்பில் காய்ச்சி, ஆறவிட்டு, மீண்டும் அடிக்க வேண்டும். மிக மெலிந்த நிலையில் தோல்களின் இடையே வைத்து அடிப்பர். எகிப்தில் இரெக்மிரே என்னும் அமைச்சனின் கல்லறைச் சுவரோவியத்தில் உலோகத் தொழிலாளர் துருத்தி மிதிப்பதையும் தகடு தட்டுவதையும் இன்றும் காணலாம்.

நம் மொழியில் பொற்பணி செய்வோர்க்குத் தட்டார் என்றொரு பெயர் வழங்குவதை மாணவர் அறிவர். தட்டுதல் என்னும் தொழிலால் வந்த பெயர் அது. பட்டறைக்கல், சுத்தியல், குறடு, ஊதுகுழல், உரைகல் என அவர்தம் கருவிகளுக்கெல்லாம் தூய தமிழ்ப் பெயர்கள் உள்ளன. கருவிக்குச் சொந்தப் பெயர் இருப்பது, அத்தொழில் அம்மண்ணில் நெடுங்காலம் வேரூன்றி நின்றதற்கு ஓர் அறிகுறி. ஆயினும் சொல் மட்டும் சான்றாகாது, பொருளும் வேண்டும். அப்பொருளைத் தேடி நாம் தாமிரபரணிக் கரைக்குச் செல்வோம்.

தாமிரபரணிக் கரையில்

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், திருவைகுண்டத்தை அடுத்து, தாமிரபரணியின் தென்கரையில் அமைந்தது ஆதிச்சநல்லூர். அங்குள்ள பரந்த மேட்டுநிலம் 114 ஏக்கர் அளவுள்ளது. பயிர்விளையாத அம்மேடு முழுவதும் முன்னோர் தம் இறந்தோரைப் பெருந்தாழிகளில் இட்டுப் புதைத்த இடுகாடாகும்.

1876-ஆம் ஆண்டு செர்மனி நாட்டவரான ஜாகோர் அங்கு வந்து தோண்டிப் பல பொருள்களை எடுத்துப் பெர்லின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசென்றார். 1899-ஆம் ஆண்டு தொடங்கிப் பல பருவங்கள் இந்தியத் தொல்லியல் துறையைச் சார்ந்த அலெக்சாண்டர் ரீ அம்மேட்டை அகழ்ந்தார். அக்காலத்திலேயே பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக்கும் அங்கு வந்து தோண்டித் தாம் கண்டவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். ரீ எடுத்தவை சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. தாம் கண்டெடுத்த ஒவ்வொரு பொருளையும் எண்ணிட்டு, வகைப்படுத்தி, 1915-ஆம் ஆண்டு அவர் ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார். அந்நூல் இல்லையேல் இன்று நாம் இவற்றைப் பற்றிப் பேசவே இயலாது.

தாழிகளின் உள்ளும் புறமும் ரீ கண்டவை பலவகை. இரும்பு வாள்கள், ஈட்டிமுனைகள், மண்வெட்டிகள். எருமை, புலி, பறவை ஆகியவற்றின் உருவங்கள் அமைந்த வெண்கல மூடிகள். கறுப்பும் சிவப்புமான மட்கலங்கள். அக்கலங்களில் நெல் உமியும் தினை வகை உமியும். இவற்றோடு கிடைத்தவையே பொற்பட்டங்கள்.

நீள்வட்டமாகவும் பட்டையாகவும் வெட்டப்பெற்ற மெல்லிய பொற்றகடுகள் அவை. சிலவற்றின் இரு முனைகளிலும் கயிறோ கம்பியோ கோக்கச் சிறுதுளை உண்டு. சில வெறுந்தகடுகள், சிலவற்றில் புள்ளி புள்ளியாகக் குத்திக் கோடுகளும் முக்கோணங்களும் அமைத்துள்ளனர். இறந்தோரின் நெற்றியில் வைத்துக் கட்டியவை இவை என்பது ஆய்வாளர் துணிபு. அவற்றின் மென்மையே இதற்குத் துணைசெய்கிறது. அன்றாடம் அணிந்து உழைத்தால் இத்தகடு இரண்டொரு நாளில் கசங்கிக் கிழிந்துவிடும். வாழ்வோர்க்காக அன்றி, இனி அசையாதவர்க்காகச் செய்யப்பட்ட அணி இது.

நெற்றிப்பட்டமும் வாய்மூடியும் இட்டு இறந்தோரைப் புதைக்கும் வழக்கம் பாலத்தீனம், சிரியா, சைப்பிரசு ஆகிய நாடுகளிலும் இருந்தது. அவ்வொப்புமையை அறிஞர் சிலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதனைக்கொண்டு அவர் வேறு நாம் வேறு அல்லர் என்று கூறிவிடுவது அவசரமாகும். இறந்தவரின் முகத்தைப் பொன்னால் சிறப்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் உலகில் பல மாந்தர்க்குத் தனித்தனியே தோன்றியிருக்கலாம். ஒப்புமை என்பது வினாவின் தொடக்கமேயன்றி விடை அன்று. மாணவர்க்கு நாம் வரலாறு கற்பிக்குங்கால் இவ்வேறுபாட்டை முதலில் கற்பித்தல் வேண்டும்.

ரீக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அம்மேடு பேசப்படாமலே கிடந்தது. 2004, 2005-ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்து 160-க்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தது. அங்கு எடுத்த இரு மாதிரிகளை ஆய்ந்து அவை கி.மு. 905, கி.மு. 696 ஆகிய காலத்தவை எனப் பின்னர் அறிவித்தனர். 2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையும், 2021-ஆம் ஆண்டு மீண்டும் இந்தியத் தொல்லியல் துறையும் அகழ்வை மேற்கொண்டன. 2022-ஆம் ஆண்டு ஒரு பொற்பட்டம் மறுபடியும் கிடைத்தது. ரீயின் காலத்துக்குப் பின் நூறாண்டு கடந்து மண்ணிலிருந்து மீண்ட பட்டம் அது. தாழிகளைப் பெயர்க்காமல், கிடந்த இடத்திலேயே மேலே கண்ணாடியிட்டு மக்கள் காணும் ஏற்பாடும் அங்கே செய்யப்பட்டுள்ளது.

இலக்கியம் காட்டும் தாழி

தாழியில் இடும் வழக்கத்தை நம் இலக்கியங்கள் நன்கு அறிந்திருந்தன. கிள்ளிவளவன் மாண்டபோது ஐயூர் முடவனார் என்னும் புலவர் குயவனை நோக்கிப் பேசுகிறார். அத்துணைப் பெரிய மன்னனை அடக்கும் தாழியை வனைய வேண்டுமாயின் நிலவுலகையே திகிரியாகவும் பெருமலையையே மண்ணாகவும் கொள்ள வேண்டுமே, உன்னால் இயலுமா என்று இரங்கி வினவுகிறார். புறநானூற்றின் மற்றொரு பாட்டில் கணவனை வழியிடை இழந்த பெண்ணொருத்தி பேசுகிறாள். வண்டியின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு நெடுந்தொலைவு வந்த பல்லியைப் போல அவனோடு வந்தவள் தான் என்றும், தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனைந்து தருக என்றும் குயவனை அவள் வேண்டுகிறாள். மணிமேகலை, சுடுதல், வெறுநிலத்து இடுதல், குழியில் புதைத்தல், தாழ்விடத்து அடைத்தல், தாழியில் கவித்தல் என இறந்தோர்க்குச் செய்யும் முறைகளை வரிசைப்படுத்துகிறது.

இப்பாடல்களை நாம் வகுப்பில் நடத்துகிறோம். 'தாழி' என்னும் சொல்லுக்குப் 'பெரிய மட்பாண்டம்' என்று பொருள் எழுதச் சொல்கிறோம். மாணவன் எழுதுகிறான், மதிப்பெண் பெறுகிறான், மறந்துவிடுகிறான். அச்சொல்லின் அருகே ஆதிச்சநல்லூர்த் தாழியின் படத்தையும், அதனுள் கிடந்த பொற்பட்டத்தின் படத்தையும் வைத்துக் காட்டினால், அப்பெண் கேட்ட தாழி எத்துணைப் பெரியது, அதனுள் எவரெவர் எவ்வாறு கிடந்தனர் என்பதை அவன் நேரிற் கண்டவனாவான். இலக்கியம் குரலைத் தருகிறது. அகழாய்வு உடலைத் தருகிறது. இரண்டையும் சேர்த்துத் தருவது ஆசிரியரின் பணி.

இங்கே எகிப்துக்கும் நமக்கும் உள்ள வேறுபாடொன்று புலனாகும். துட்டன்காமனின் பெயர் அவன் கல்லறை முழுவதும் எழுதப்பட்டுள்ளது. ஆதிச்சநல்லூர்ப் பட்டத்தில் பெயரில்லை. அவனுடையது ஒரு மன்னனின் பொன். இங்குள்ளது ஓர் ஊரின் இடுகாட்டுப் பொன். எல்லாத் தாழிகளிலும் பொன் இருக்கவில்லை; சிலவற்றில் மட்டுமே இருந்தது. ஆகவே செல்வரும் எளியவரும் அங்கு ஒருங்கே துயின்றனர் என்று அறிகிறோம். தாமிரபரணிக் கரையில் பொற்சுரங்கம் இல்லை. எங்கிருந்தோ வாணிகத்தால் வந்த பொன்னைச் சிறிதளவே பெற்று, அதனைத் தகடாக்கி, தம்மில் ஒருவரின் நெற்றிக்குக் கொடுத்து மண்ணில் புதைத்திருக்கின்றனர். கிடைத்தற்கரிய பொருளைத் திரும்பப் பெறும் எண்ணமின்றிக் கொடுத்த அச்செயலில் உள்ள அன்பை எடைபோட எந்தத் துலாக்கோலும் இல்லை.

பொன்வழியும் கடல்வழியும்

நைல் கரையும் தமிழகமும் பிற்காலத்தில் உண்மையாகவே சந்தித்தன என்பதையும் இவ்விடத்துக் கூறுதல் வேண்டும். கிழக்குப் பாலைநிலத்தில் வாடி ஹம்மாமாத் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் பொற்சுரங்கங்களைக் காட்டும் பழைய வரைபடம் ஒன்று, ஏறத்தாழ கி.மு. 1150-இல் நாணற்புல் தாளில் வரையப்பட்டது, இத்தாலி நாட்டுத் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே பள்ளத்தாக்கு வழியாகவே உரோமர் காலத்தில் செங்கடல் துறைமுகத்திலிருந்து நைலாற்றுக்குச் சரக்குகள் சென்றன. அத்துறைமுகமாகிய குசேர் அல்-காதிமில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. அவற்றில் கண்ணன், சாதன் என்னும் பெயர்கள் உள்ளன. மற்றோர் ஓட்டில் 'பானை ஒறி' என்னும் சொற்கள் உள்ளன. பானையைத் தாங்கும் உறியைக் குறிப்பது அது. பெரனிகே என்னும் துறைமுகத்திலும் கொறபூமான் என்னும் பெயர் பொறித்த ஓடு 1995-ஆம் ஆண்டு கிடைத்தது.

பாரோ மன்னர்க்குப் பொன் வந்த வழியின் முனையில், பல நூற்றாண்டுகட்குப் பின், நம்மவர் ஒருவர் தம் பானையில் தம் பெயரை எழுதி வைத்திருக்கிறார். மன்னனின் முகமூடியைக் காண உலகமே திரள்கிறது. அவ்வுறிப்பானையின் உடைந்த ஓட்டைக் காண எவர் வருவர்? ஆயினும் நம் மாணவிக்கு நான் காட்ட வேண்டியது அவ்வோட்டையுமேயாம்.

மேற்கே மட்டுமன்று, நாம் வாழும் இத்தீபகற்பத்திலும் நம் பொற்கொல்லரின் தடம் உண்டு. தாய்லாந்தின் கிராபி மாநிலத்துக் குளோங் தோம் என்னும் ஊரில் சிறிய கல்லொன்று கிடைத்தது. பொன்னின் மாற்றறியப் பயன்பட்ட உரைகல் அது. அதில் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் பொறித்துள்ளனர். பெரும்பத்தன் என்பது பொற்கொல்லர் தலைவனைக் குறிக்கும். ஆதிச்சநல்லூரில் பொன் உண்டு, பெயரில்லை. குளோங் தோமில் பெயர் உண்டு, பொன்னில்லை. அவன் உரைத்த பொன்னெல்லாம் எங்கோ உருகிப் போயிற்று. உரைத்த கல் மட்டும் எஞ்சி நிற்கிறது.

நம் நாட்டில், கடாரம் என நம் கல்வெட்டுகள் போற்றும் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில், 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்சு என்னும் ஆய்வாளர் பழங்கோயில் இடிபாடுகள் பலவற்றை ஆராய்ந்தார். அவற்றுள் புக்கிட் பத்து பகாட் கோயில் பின்னர் 1959, 1960-ஆம் ஆண்டுகளில் சீரமைக்கப்பட்டது. அதன் அடித்தளத்தில் கருங்கல் பேழைகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றினுள் செம்புக் கலங்களும், மணிகளும், சிறு பொன்பொருள்களும் இருந்தன. கோயில் எழுப்புங்கால் கருவறையின் அடியில் நவமணியும் பொன்னும் இட்டு மூடும் கர்ப்பநியாசம் என்னும் சடங்கின் எச்சங்கள் அவை. தாழியில் இட்ட பொன் மாந்தர்க்கு. பேழையில் இட்ட பொன் இறைவர்க்கு. இரண்டும் எவர் கண்ணிலும் படாமல் இருக்கவே இடப்பட்டன. மெர்போக்கில் அக்கோயிலை அடுத்து அமைந்த அருங்காட்சியகம் 1980-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. அங்குச் சென்று காண நம் பள்ளிகளுக்கு ஒரு நாள் போதும்.

நம் பேராக்கின் மண்ணும் வெறுமையானதன்று. தெலுக் இந்தானுக்குத் தொலைவில் இல்லாத பீடோரில், 1936-ஆம் ஆண்டு ஈயச் சுரங்கம் ஒன்றில் எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரர் வெண்கலத் திருமேனி கிடைத்தது. சுங்காய், சிலிம் வட்டாரத்தில் கற்பலகைகளை நிறுத்தி அமைத்த பழங்கல்லறைகள் உண்டு. அவற்றில் இரும்புக் கருவிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்துள்ளன. நாம் பால்மரம் வெட்டிய காட்டுக்கும், ஈயம் அரித்த ஓடைக்கும் அடியில் நமக்கு முந்தைய மாந்தர் துயின்றிருக்கின்றனர்.

விலையே பகை

பொன் துருப்பிடிப்பதில்லை என்றோம். அங்ஙனமாயின் பழம்பொன் ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது? மண்ணால் அழியாத பொன்னை மனிதன் அழிக்கிறான் என்பதே விடை. பொன்னுக்குப் பகை அதன் விலையே.

எகிப்தில் ஒன்பதாம் ராம்செசின் ஆட்சியில், கி.மு. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கல்லறைக் கொள்ளையர் சிலர் பிடிபட்டனர். முன்னாள் மன்னன் ஒருவனின் உடலிலிருந்த பொன்னை உரித்து எடுத்துப் பேழைகளுக்குத் தீயிட்டதை அவர்கள் ஒப்புக்கொண்ட வாக்குமூலம் இன்றும் உள்ளது. எத்தனையோ மன்னரின் கல்லறைகள் இவ்வாறே வெறுமையாயின. துட்டன்காமனின் கல்லறை மட்டும் பெரும்பகுதி தப்பிப் பிழைத்தமையால்தான் ஒப்பற்றதாயிற்று.

நம் நாட்டிலும் வேறு வகையில் இழப்பு நேர்ந்தது, நேர்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் பெற்றிருந்த பழங்கோயில் இடிபாடு வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்து பலரையும் வருத்தியது. இடித்தவர் அதனைக் கல்லாகக் கண்டார், வரலாறாகக் காணவில்லை.

அவரைக் குறைகூறுமுன் என்னையும் நான் விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும். என் தந்தையாரைப் பெற்ற ஆச்சி, திருவைகுண்டம் வட்டத்துச் சிற்றூரிலிருந்து இளம்பெண்ணாகக் கப்பலேறி வந்து, இவ்வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். அவர் காதில் பாம்படம் தொங்கும். தோள்வரை நீண்ட அக்காதுகளைப் பற்றிக்கொண்டு விளையாடியது எனக்கு நன்கு நினைவிருக்கிறது. பாம்படம் என்பது பொற்றகட்டை மடித்து உருவமைத்து உள்ளே அரக்கு நிரப்பிச் செய்வது. யான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்ட ஆண்டில், பெட்டியும் உடையும் புத்தகமும் வாங்குவதற்காக ஆச்சி அதனைக் கழற்றிக் கொடுத்தார். நானே நகைக்கடைக்கு எடுத்துச் சென்றேன். கடையிலிருந்தவர் அதனை நசுக்கி, அனலில் காட்டி அரக்கை ஒழுகவிட்டு, எஞ்சிய தகட்டை நிறுத்தார். எதிர்பார்த்ததில் பாதியே தேறியது. சீட்டில் எடையும் தொகையும் எழுதித் தந்தார். அவ்வளவே.

அப்பாம்படம் எந்த ஊர்த் தட்டார் செய்தது, ஆச்சிக்கு அதனைத் தந்தவர் யார், அதன் முகப்புகளுக்கு என்ன பெயர் என்பவற்றுள் ஒன்றையும் நான் கேட்டு வைக்கவில்லை. ஒரு படம் எடுத்து வைக்கவுமில்லை. அதனை விற்றதற்காக நான் வருந்தவில்லை; ஆச்சி மனமுவந்து தந்தது அது; அதனால்தான் நான் ஆசிரியனானேன். கேளாமல் விட்டதற்கே வருந்துகிறேன். ரீயின் பட்டியல் நூலில் பொற்பட்டத்தின் படத்தைக் கண்ட நாளில் எனக்கு ஆச்சியின் நினைவே வந்தது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தாழியின் தகட்டுக்கு எண்ணும் படமும் உண்டு. அதே ஆற்றங்கரையிலிருந்து வந்து, என் கையாலேயே உருகிய தகட்டுக்கு எதுவுமில்லை.

செய்யக்கூடியது

அரும்பொருள் காப்பது அரசின் கடமை, அறிஞரின் கடமை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகம் 1883-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது, நாட்டிலேயே மூத்தது. அது பேணுவதைப் பேணட்டும். ஆனால் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் மக்களின் பொருள்களை முதலில் அறியக்கூடியவர் நாமே. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். வீடு மாறும்போதெல்லாம் பழம்பொருள் குப்பைக்கோ கடைக்கோ செல்கிறது.

பொருளைக் காக்க இயலாவிடினும் அதன் செய்தியைக் காக்கலாம். எங்கள் பள்ளியில் ஒரு பதிவேடு தொடங்கினோம். மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைக் கண்டறிந்து நான்கு செய்திகளை எழுத வேண்டும்: பொருளின் பெயர் என்ன, எதனால் செய்யப்பட்டது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எதற்குப் பயன்பட்டது. படமொன்றையும் ஒட்ட வேண்டும். பொருளைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டா. விற்க நேர்ந்தாலும் தடையில்லை. விற்குமுன் எழுதிவிட வேண்டும் என்பதே விதி. ரீ செய்ததும் ஏறத்தாழ இதுவேயன்றோ? இதற்குப் பணம் வேண்டா. கேட்கும் பொறுமையும் எழுதும் பழக்கமும் போதும். தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் பள்ளியில் இதனை மேற்கொள்ளலாம். மொழிப்பயிற்சியாகவும் அது அமையும். பாட்டி சொல்லப் பேரன் எழுதும்போது அகராதியில் இல்லாத சொற்கள் பல ஏட்டில் ஏறும்.

முதல் பக்கத்தில் இருப்பது, அன்று வினாவெழுப்பிய மாணவி எழுதியது. அவள் கொள்ளுப்பாட்டியின் மூக்குத்தி அது. கடுகளவே பொன். 'எடை மிகக் குறைவு. ஆனால் மூன்று பேர் அணிந்தது' என்று எழுதி, மூவரின் பெயர்களையும், அவர்கள் வாழ்ந்த தோட்டங்களின் பெயர்களையும் வரிசையாகக் குறித்திருந்தாள்.

அவ்வேட்டைப் படித்தபின் அவளை அழைத்து, அன்று கேட்ட வினாவுக்கு விடை கூறினேன். எகிப்தியரிடம் மன்னனின் பொன் இருந்தது. நம்மவரிடம் தாழிக்குள் பெயரற்ற ஒருவரின் நெற்றியில் இட்ட பொன் இருந்தது. கடல் கடந்து சென்ற பத்தனின் உரைகல் இருந்தது. கோயிலின் அடியில் எவரும் காணாமல் இட்ட பொன் இருந்தது. இவற்றுள் எது பெரியது என்று நிறுத்துப் பார்க்க வேண்டா. யாருடையது, எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்றேன். ஆதிச்சநல்லூர்ப் பட்டத்தின் படத்தை அவளிடம் கொடுத்தேன். அதனை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இதை அணிந்தவர் பெயர் என்ன, ஐயா?" என்று கேட்டாள்.

அதற்கு விடையில்லை என்றேன். "அப்படியென்றால் நான் எழுதியது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குத் திரும்பினாள்.